கைக்கடிகாரம் சொல்வதெல்லாம் உண்மையா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு மாணவன் எழுதியது)



பேரவை மலருக்குப் படைப்புகள் கேட்டதும் நம் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. தெரிந்தது கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ்தான். ஆகவே இன்று நம்மில் பலர் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் இதயத் துடிப்பையும் தூக்கத்தையும் எப்படி அளக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றி எழுதுகிறேன். இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா லாரி செட்டில் சுமை தூக்குகிறார். அம்மாவுக்கு நூற்பாலையில் நைட் ஷிஃப்ட். போன மே விடுமுறையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். அந்தச் சம்பளத்தில் 1,400 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அம்மா கையில் கட்டிவிட்டேன். இதயத் துடிப்பு, தூக்கம், ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் காட்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. 'படிக்கிற புள்ள வாங்கிக் குடுத்தது' என்று அம்மா மில்லில் எல்லோரிடமும் காட்டினாராம்.

ஜூலையில் அம்மாவுக்கு ஒரே அசதி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. "நெஞ்சு படபடன்னு அடிக்குது கண்ணு. பகல்ல படுத்தா தூக்கமும் வரமாட்டேங்குது" என்றார். நான் அவர் கையைப் பிடித்து வாட்சைப் பார்த்தேன். துடிப்பு 78. செல்போனில் ஆப்பைத் திறந்தேன். தூக்கம் 6 மணி 5 நிமிடம். "எல்லாம் நார்மல்தாம்மா" என்றேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எங்க தூங்கினேன்? பதினொன்னேகால் டவுன் பஸ் ஹார்ன் அடிச்சிட்டுப் போச்சு. அப்புறம் ஐஸ்காரர் மணி. ஒரு மணிக்குப் பள்ளிக்கூட பெல்லு. எல்லாம் காதுல விழுந்துச்சே!"

அப்பா குறுக்கே வந்தார். "அவன் படிச்சவன், மிஷினைப் பாத்துச் சொல்றான். நீ சும்மா மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

அத்தோடு பேச்சு முடிந்தது. ஆறு வாரம் அப்படியே போயிற்று. பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த 78-ம், அந்த 6 மணி 5 நிமிடமும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

பச்சை விளக்கின் கதை

இதயத் துடிப்பை அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இதயம் உண்டாக்கும் மின்சாரத்தையே அளப்பது. இதுதான் ஈ.சி.ஜி. நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி வில்லம் ஐந்தோவன் இதற்கு வழி கண்டதற்காக 1924-ல் நோபல் பரிசு பெற்றார். மார்பில் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறார்களே விளையாட்டு வீரர்கள், அந்தப் பட்டையும் இந்த வகையைச் சேர்ந்ததே. பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982-லேயே கம்பியில்லாமல் துடிப்பைக் காட்டும் பட்டையை விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டது.

இன்னொன்று, இதயம் அடிப்பதால் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதை ஒளியால் பார்ப்பது. இதன் பெயர் போட்டோபிளெதிஸ்மோகிராபி. வாயில் நுழையாத பெயர்; சுருக்கமாக பி.பி.ஜி. என்பார்கள். வாட்சின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பச்சை எல்.இ.டி. மின்னும். பக்கத்திலேயே ஒரு போட்டோ டையோடு இருக்கும். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கு ரத்தம் கூடுதலாக வரும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. ரத்தம் வடியும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைத்துவிடும்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஆய்வகத்தில் ஆம்பிளிஃபயர் சுற்று கட்டியவர்களுக்குத் தெரியும், சிக்னல் சிறியதாக இருந்தால் என்ன பாடு என்று. திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி மாறாமல் நிற்கும் டி.சி. அதன்மேல் சின்னஞ்சிறு அலையாக ஏறி நிற்கும் ஏ.சி. பகுதிதான் நமக்கு வேண்டிய துடிப்பு. அதைப் பிரித்து எடுக்க ஒரு பேண்ட் பாஸ் ஃபில்டர் போட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் 1 ஹெர்ட்ஸ். 180 துடிப்பு என்றால் 3 ஹெர்ட்ஸ். சரி, ஒரு மனிதன் வேகமாக நடந்தால்? நிமிடத்துக்குச் சுமார் 120 அடி வைப்பான். அது 2 ஹெர்ட்ஸ்! நம் ஃபில்டரின் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கை ஆடும்போது வாட்சும் ஆடுகிறது, ஒளியும் ஆடுகிறது. எது நடை, எது துடிப்பு என்று ஃபில்டருக்குத் தெரியாது. நல்ல வாட்சுகள் உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டரைக் கொண்டு கையின் அசைவைத் தனியே அளந்து அதைக் கழிக்கப் பார்க்கின்றன. அந்தக் கணக்கு எவ்வளவு நன்றாகப் போடப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுதான் வாட்சின் தரம். சில சமயம் துடிப்பு என்று நினைத்து நம் காலடியை எண்ணிக் காட்டுவதும் உண்டு.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். ஒப்பிடுவதற்கு ஈ.சி.ஜி. வைத்துக்கொண்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பில் 5 சதவீதத்துக்குள் பிழை காட்டின. பரவாயில்லை அல்லவா? ஆனால் அதே கருவிகள் 'இத்தனை கலோரி செலவழித்தீர்கள்' என்று சொன்னதில், இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவியின் பிழை 93 சதவீதம்! காரணம், துடிப்பு கிட்டத்தட்ட நேரடியாக அளக்கப்படுவது. கலோரியோ மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு ஊகிப்பது. ஒரே திரையில் ஒரே எழுத்தில் இரண்டும் தெரிவதால் இரண்டையும் நாம் ஒரே மாதிரி நம்பிவிடுகிறோம்.

2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் பல தோல் நிறம் கொண்ட 53 பேரைச் சோதித்தார்கள். தோலின் நிறத்தால் துடிப்பின் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் உடல் அசையும்போது ஏற்படும் பிழை, ஓய்வில் இருக்கும்போது ஏற்படுவதைவிடச் சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். கருவிக்குக் கருவி வித்தியாசமும் இருந்தது.

இந்தச் சோதனைகளில் வந்தவை பெரும்பாலும் பேர் பெற்ற, விலை கூடிய கருவிகள். நம் ஊர்க் கடைகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைப்பவற்றை யார் சோதிப்பது? நாமே சோதித்தால் என்ன என்று தோன்றியது.

கத்திரிக்காய்க்கு நாடி உண்டா?

அம்மாவின் வாட்சைக் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்தில் மூன்று நண்பர்கள் சேர்ந்து சோதித்தோம். ஓய்வில் இருக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினோம். ஓடிய பிறகு துடிப்பு சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினோம். இதில் ஒரு துடிப்பு தப்பினால் கணக்கில் நான்கு தப்பும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கையில் கிடைத்த முடிவுகள்:

1. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது: விரல் 72, வாட்ச் 74.
2. மூன்று மாடி ஏறி இறங்கியவுடன், வாட்சை இறுக்கிக் கட்டி: விரல் 136, வாட்ச் 109.
3. மறுபடியும் ஏறி இறங்கியவுடன், வாட்சைத் தளர்த்திக் கட்டி: விரல் 132, வாட்ச் 78.
4. ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து கொண்டு வந்த கத்திரிக்காயில் கட்டி: வாட்ச் 74.

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்திரிக்காய் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வரியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா வளையலோடு சேர்த்துத் தளர்வாகத்தான் வாட்ச் கட்டுவார்.

கத்திரிக்காயில் ஏன் 74 வந்தது? ஒளி எந்தப் பொருளில் பட்டாலும் திரும்பி வரும். அதில் இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலைப் பெருக்கி, அதற்குள் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரிகிறதா என்று புரோகிராம் தேடுகிறது. நல்ல கருவி என்றால் 'சிக்னல் இல்லை' என்று கோடு காட்ட வேண்டும். எங்கள் வாட்சோ தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், மனிதனுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு எண்ணைப் போட்டுவிட்டது. தாறுமாறாக 300 என்று காட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டோம். 74 என்று காட்டுவதுதான் ஆபத்து.

தூக்கத்தை யார் பார்த்தது?

அடுத்தது தூக்கம். இது இன்னும் சுவையான விஷயம்.

தூங்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை 1924-ல் பதிவு செய்து 1929-ல் வெளியிட்டார். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும், தூக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளுவதைக் கண்டறிந்தார்கள். இதற்கு ஆர்.இ.எம். தூக்கம் என்று பெயர். கனவு அதிகம் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே தூக்கத்தை முறையாக அளப்பதற்குத் தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, மூச்சு, இதயம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் இரவு முழுக்கப் பதிவு செய்கிறார்கள். இதுதான் பாலிசோம்னோகிராபி. பதிவை 30 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, ஆர்.இ.எம்.மா என்று பயிற்சி பெற்றவர்கள் முத்திரை குத்துவார்கள். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். அதிலும், இப்படி முத்திரை குத்துபவர்களின் முடிவுகளை ஒப்பிட்டு 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒற்றுமை சுமார் 83 சதவீதம்தான் இருந்தது. நிபுணர்களுக்கே அப்படி!

இப்போது நம் வாட்சை நினைத்துப் பாருங்கள். அது இருப்பது மணிக்கட்டில். மூளைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கை அசைகிறதா, துடிப்பு குறைந்திருக்கிறதா, துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது என்பதை வைத்து 'இவர் இப்போது இந்தக் கட்டத்தில் இருக்கக்கூடும்' என்று ஊகிக்கிறது. மலிவான கருவிகள் பெரும்பாலும் கை அசைவை மட்டுமே நம்புகின்றன. அசையாவிட்டால் தூக்கம். அவ்வளவுதான்!

2021-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 34 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்க வைத்து, ஏழு கருவிகளைப் பாலிசோம்னோகிராபியோடு ஒப்பிட்டார்கள். தூக்கத்தைத் தூக்கம் என்று சொல்வதில் எல்லாமே 93 சதவீதமோ அதற்கு மேலோ சரி. ஆனால் விழித்திருப்பதை விழிப்பு என்று சொல்வதில் சிறந்த கருவிகூடப் பாதியைச் சற்றே தாண்டியது. மோசமானது 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வாட்ச் என்று ஒன்றுமே வேண்டாம். 'தூக்கம்' என்று எழுதிய ஒரு அட்டையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் படுத்து ஏழு மணி நேரம் தூங்குகிற ஒருவருக்கு அந்த அட்டை 87.5 சதவீதம் சரியாகச் சொல்லும்! விளம்பரத்தில் போடலாம். அதே அட்டையை, ஆறு மணி நேரம் படுத்து மூன்று மணி நேரம் மட்டுமே தூங்குகிறவர் கையில் கட்டுங்கள். 50 சதவீதம், காசைச் சுண்டிப் பார்த்தது போல. அதாவது, நன்றாகத் தூங்குகிறவனுக்குக் கருவி நன்றாக வேலை செய்கிறது. தூங்க முடியாமல் அசையாமல் படுத்துக் கிடக்கிறவருக்கு, கருவி மிகவும் தேவைப்படுகிற அந்த மனிதருக்கு, அது காலை வாரிவிடுகிறது.

அம்மா சொன்ன அந்த நாளின் பதிவை ஆப்பில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினொன்றேகால் மணிக்கு நீல நிறத்தில் 'ஆழ்ந்த தூக்கம்' என்று இருந்தது. டவுன் பஸ்ஸின் ஹார்ன் அம்மா காதில் விழுந்த அதே நேரம்!

அப்படியானால் எல்லாம் பொய்யா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ஆப்பிள் வாட்ச் கட்டிய 4,19,297 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறை வாட்ச் கண்டுபிடிக்குமா என்பதே கேள்வி. 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை வந்தது. அவர்களுக்கு ஈ.சி.ஜி. பட்டை அனுப்பினார்கள். அதை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதம் பேருக்குக் கோளாறு பதிவாகியிருந்தது. இது வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டை ஒட்டியிருக்கும்போதே வாட்ச் எச்சரித்த சமயங்களில் 84 சதவீதம் இரண்டும் ஒத்துப்போயின. நல்ல கருவி, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, மருத்துவரோடு சேர்ந்தால் பயன் உண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் வாட்ச் எச்சரிக்கை தரவில்லை என்பதால் நோய் இல்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

மறுபக்கமும் உண்டு. ஊசி குத்தாமலே ரத்தத்தில் சர்க்கரையைக் காட்டும் என்று விற்கப்படும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒரு கருவிக்கும் அது அதுவரை அனுமதி தந்திருக்கவில்லை. அந்த எண்ணை நம்பி ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நாளைக்கு நம் வீட்டிலும் தெருவிலும் 'இந்த மிஷின் நல்லதா தம்பி?' என்று கேட்கப் போவது நம்மைத்தான். அப்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

1. கருவி இதை நேரடியாக அளக்கிறதா, வேறொன்றை அளந்து ஊகிக்கிறதா?
2. எதோடு ஒப்பிட்டுக் காலிபிரேஷன் செய்தார்கள்? யாரைச் சோதித்தார்கள்? நோயாளியையா, ஆரோக்கியமானவரையா?
3. சிக்னல் இல்லாதபோது 'இல்லை' என்று சொல்லுமா?
4. அட்டையில் பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டிருக்கிறதா? எங்கள் வாட்ச் பெட்டியில் போட்டிருந்தது. நான் படிக்கவில்லை.

இறுக்கமாகக் கட்டி, அசையாமல் உட்கார்ந்து பார்த்தால் துடிப்பை ஓரளவு நம்பலாம். தூங்கிய மொத்த நேரத்தைப் பல நாள் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியலாம். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்பதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு

ஆகஸ்ட் கடைசியில் அம்மா மில்லில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த சிஸ்டர் அம்மாவின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். 104. பக்கத்திலேயே அம்மா கையில் வாட்ச் 78 என்று காட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 8-க்கும் கீழே என்றால் கடுமையானது. ஆக்சிஜனைச் சுமக்க ஆள் குறைவு என்பதால் இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அம்மா சொன்ன படபடப்பு முழுக்க முழுக்க உண்மை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். காரணம் கண்டுபிடிக்க மேலும் சில பரிசோதனைகள் எடுத்தார்கள். தூக்கத்துக்கு டாக்டர் சொன்னது ஒரே ஒரு வேலை: எப்போது படுக்கிறோம், எப்போது முழிப்பு வருகிறது என்று தினமும் எழுதி வரச் சொன்னார். அம்மா ஐந்தாம் வகுப்பு. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினார். 'பஸ்', 'ஐஸ்', 'பெல்' என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குறிப்பு. பதினான்கு தாள் சேர்ந்தது. டாக்டர் அதை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வாட்சைக் கேட்கவே இல்லை.

இப்போது ஹீமோகுளோபின் 10.9 ஆகியிருக்கிறது. குடம் தூக்கினால் மூச்சு வாங்குவதில்லை. பகல் தூக்கம்தான் இன்னும் சரிவரவில்லை; நைட் ஷிஃப்ட் இருக்கும்வரை அது கஷ்டம்தான். வாட்சை அம்மா இன்னும் கட்டிக்கொண்டுதான் போகிறார். மணி பார்ப்பதற்கு.

நண்பர்களே! 'படிச்சவன் சொல்றான்' என்று நம் வீட்டில் நம்மை நம்புகிறார்கள். நாம் வாட்சை நம்புகிறோம். அந்த வாட்சை யார் சோதித்தது என்று கேட்பதற்குத்தானே நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்! இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவின் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கூடவே, உடம்பு எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை முழுதாகக் கேட்ட பிறகு, வேண்டுமானால் வாட்சைப் பாருங்கள்.